பாம்பன் பாலமும் கச்சான் காற்றும்: சைக்கிளில் ஒரு டேட்டா லாக்கர்

நான் ஓட்டுவது 35 மி.மீ. டயர் போட்ட சாதாரண கியர் சைக்கிள். அதன் ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன டேட்டா லாக்கர், அதாவது அளவுகளைத் தானே பதிந்து வைக்கும் பெட்டி, மேற்கிலிருந்து வீசும் கச்சான், வடக்கிலிருந்து வீசும் வாடை இரண்டு பருவங்களையும் பார்த்துவிட்டது. ஜிபிஎஸ், அதிர்வை அளக்கும் மூன்று அச்சு முடுக்கமானி, காற்றழுத்தமானி, மெமரி கார்டு. உள்ளே இருப்பது அவ்வளவுதான். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அதிர்வை அளக்க வாங்கலாம். ஏற்ற இறக்கத்தை அளக்க இந்தக் கடற்கரையில் வேண்டாம்.

காரணம் எளிது. காற்றழுத்தத்தை வைத்துத்தான் பெட்டி உயரத்தைக் கணிக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல்தான் குறையும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் எதிரே வரும் காற்று பெட்டியின் துளையில் நேராக மோதினால் 60 பாஸ்கல் வரை கூடும். அதாவது ஐந்து மீட்டர் பள்ளம்! தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தட்டையாகக் கிடக்கும் சாலையை என் வரைபடம் மேடும் பள்ளமுமாகக் காட்டுகிறது. கொடைக்கானல் போய் வந்தவன் போல நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்ள மட்டும் அது உதவும்.

அதிர்வில்தான் இந்தப் பெட்டி காசுக்கு வேலை செய்கிறது. 1988-ல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் பதிவைத் திரையில் விரித்துப் பாருங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் இரட்டைக் குத்து தெரியும். முதலாவது முன்சக்கரம், நெட்டையாக இருக்கும். அடுத்தது பின்சக்கரம், ஹேண்டில்பாருக்கு வந்து சேர்வதற்குள் பாதி அடங்கிவிடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இரண்டுக்கும் நடுவே 0.19 நொடி. சக்கர மையங்களுக்கு இடையிலான 1.05 மீட்டரை அதனால் வகுத்தால் வேகம் வந்துவிடுகிறது. ஜிபிஎஸ் சொல்வது சரிதானா என்று சோதிக்க வேறு கருவி தேவையில்லை. ஆனால் நொடிக்கு 100 அளவீடு என்று வைத்தால் இந்தக் கணக்கில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் முன்பின் ஆகும். 200-க்குக் குறைத்து வைக்காதீர்கள். மூன்று அச்சுக்கும் சேர்த்து மணிக்கு நாலரை மெகாபைட்டுக்குள்தான் பிடிக்கிறது. மெமரி கார்டில் இடம் தாராளம்.

எங்கே கட்டுகிறோம் என்பது முக்கியம். கேரியரில் கட்டினால் கேரியரின் லொடலொடப்புதான் பதிவாகும், சாலை பதிவாகாது. ரப்பர் பட்டையில் தொங்கவிட்டால் பட்டையே தனியாக ஆடும். உலோகப் பிடியில் திருகாணி போட்டு இறுக்குவதே ஒழுங்கு. டயரில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரே சாலையில் ஓட்டியபோது அதிர்வு தெளிவாக இறங்கியது; வேகம் குறைந்ததாகப் பதிவில் தெரியவில்லை. உள்ளங்கை மரத்துப்போவதும் நின்றது. ஒரு எச்சரிக்கை: கை அதிர்வுக்கு ஐரோப்பாவில் சொல்லும் 2.5 மீ/நொ² என்ற, நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டிய அளவு எட்டு மணி நேர வேலைக்கானது, அதுவும் அதிர்வெண்ணுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக் கணக்கிட்ட அளவு. லாக்கர் காட்டும் வெறும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

வேகம் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்பதைப் பற்றி மட்டும் லாக்கரை நம்பி எதுவும் பேச முடியாது. கச்சான் வீசும் மாதங்களில் இராமேஸ்வரம் போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். 20 கி.மீ. வேகத்தில் போகிறவனுக்கு அதே வேக எதிர்க்காற்று அடித்தால் காற்றுத்தடை நான்கு மடங்கு. இதில் என் கால் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மிதியில் விசை அளக்கும் கருவி வேண்டும். அதன் விலைக்கு இன்னொரு சைக்கிள் வாங்கிவிடலாம்.

உப்பு இங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. சார்ஜ் போடும் வாயின் தகடுகளில் முதல் மழைக்காலத்துக்குள்ளேயே பச்சை பூத்தது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே சார்ஜ் போடுகிறேன். மூடியில்லாத வாய் உள்ள மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கடலோரத்துக்காரர்கள் தொடவே வேண்டாம்.