பில்லியனா, யார்டா?
நாணயச் சந்தை டெஸ்க்கில் (வெளிநாட்டுப் பணத்தை வாங்கி விற்கும் பிரிவு) புதிதாகச் சேர்பவர்களுக்கு வரும் சந்தேகம்: நூறு கோடியை 'பில்லியன்' என்பதா, மூத்த டீலர்கள் மாதிரி 'யார்டு' என்பதா?

காதுக்கு: போனில் பில்லியனும் மில்லியனும் ஒரே மாதிரிதான் விழும். மாறிக் கேட்டால் ஆர்டர் ஆயிரம் மடங்கு ஏறும் அல்லது இறங்கும். "ரெண்டு யார்டு யென் வாங்கு" என்றால் 200 கோடி யென், தீர்ந்தது.

பிறப்பு: யார்டுக்கும் கெஜத்துக்கும் உறவில்லை. நூறு கோடியைக் குறிக்கும் 'மில்லியார்டு' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வால் அது. பில்லியனின் கதை அவ்வளவு நேரானதல்ல. பிரிட்டனில் வெகுகாலம் அது லட்சம் கோடி! அமெரிக்காவிலோ நூறு கோடி. 1974இல்தான் பிரதமர் ஹெரால்ட் வில்சன், அரசுக் கணக்கில் இனி நூறு கோடிதான் என்று சொன்னார். லண்டனும் நியூயார்க்கும் அதுவரை எப்படிச் சமாளித்தார்களோ!

வெளியாளுக்கு: பில்லியன் புரியும். யார்டு என்றால் துணிக்கடைதான் ஞாபகம் வரும்.

வாய்ப்பேச்சில் டீல் முடிப்பவர் யார்டு என்றே பழகட்டும், யென்னில் கட்டாயம். ஒப்பந்தம், மெயில், வாடிக்கையாளர் என்றால் பில்லியன். பக்கத்திலேயே சைபர்களோடு எண்ணையும் போட்டுவிடுங்கள்.