பாட்டு சரி, டிரேதான் திறக்காது

என் சிடி பிளேயர் சென்ற வாரம் பழுது நீங்கி வீட்டுக்கு வந்தது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபயருடன் இணைத்துக் கேட்பதற்கு, அதிகச் செலவு வைக்காத, நம்பி வாங்கக்கூடிய சிடி பிளேயர் எது என்று கேட்டார். நீங்கள் வைத்திருப்பதையே வாங்கிவிடலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்கான காரணங்களை இங்கே ஆற அமர எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் முழுவதும் தணியவில்லை என்பதைப் படிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை; நான் சொல்லவிருக்கும் கோளாறு அந்த விலைக்குள் வந்த பல கருவிகளுக்குப் பொதுவானது.

ஒலியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1982இல் முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள் முதல், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற கணக்கு, அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதியும் முறை, மாறவேயில்லை. அந்தக் கணக்கைக் குறையின்றி ஒலியாக மாற்றுவது இன்றைய மின்னணுவியலுக்குச் சிறிய வேலை. விலை இரு மடங்கான பிளேயரை வாங்குவதால் காதுக்குத் தெரியும் வேறுபாட்டைவிட, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் நகர்த்தி வைப்பதால் தெரியும் வேறுபாடு பெரியது என்பது என் அனுபவம்.

ஆனால் நான் எதிர்பாராத ஒரு மகிழ்ச்சியை இந்தக் கருவி கொடுத்தது. என்னிடம் உள்ள குறுந்தகடுகளில் பாதிக்கு மேல் கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள். ராக ஆலாபனை ஒரு டிராக்காகவும், கீர்த்தனை அடுத்ததாகவும், தனி ஆவர்த்தனம் அதற்கு அடுத்ததாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். பிரித்த இடத்தில் இசை நிற்பதில்லை, கச்சேரி அதன் போக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதற்கு முன் நான் சிடி கேட்கப் பயன்படுத்திய மலிவான டிவிடி பிளேயர், ஒவ்வொரு டிராக்கின் எல்லையிலும் ஒரு கணம் ஒலியை விழுங்கிவிடும். தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் மிருதங்கத்தின் முதல் சொல் காணாமல் போய், தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை அந்தரத்தில் நிற்கும். போதாக்குறைக்கு, எத்தனையாவது டிராக் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத் தொலைக்காட்சியையும் போட வேண்டும். சிடிக்கென்றே செய்யப்பட்ட இந்தப் பிளேயரில் அந்த இடைவெளி இல்லை. ஆலாபனை முடிந்து வயலின் எடுக்கும் இடத்தில் அவையோரின் கைத்தட்டல்கூட அறுபடாமல் தொடர்கிறது. டிவிடி பிளேயரே போதும், அதுவும் சிடி பாடும்தானே என்று சொல்பவர்கள் கச்சேரிப் பதிவு கேட்பவர்கள் அல்லர் என்றே நினைக்கிறேன்.

கீறல் விழுந்த தகடுகளையும் இது பொறுமையாகப் படிக்கிறது. தகட்டில் சுருளாக ஓடும் தடத்தின் வழியே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு அழிந்திருந்தாலும் முழுமையாக மீட்டுவிடும் பிழைதிருத்த முறை குறுந்தகட்டுக்குள்ளேயே உண்டு. அதை நன்றாகப் பயன்படுத்தும் கருவி இது. தகட்டை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தம் சமாளித்துவிடும், தடத்தோடு ஓடும் கீறலை அப்படிச் சமாளிக்க முடியாது.

இனி, தகட்டை ஏந்தி உள்ளே கொண்டுபோகும் தட்டான டிரேக்கு வருகிறேன். பழுது பார்ப்பதற்கு முன், பொத்தானை அழுத்தினால் உள்ளே மோட்டார் முனகும், டிரே ஒரு விரல் அகலம்கூட வெளியே வராமல் மீண்டும் உள்ளே போய்விடும். சில நேரம் அந்த ஒரு விரல் அகலமும் கிடையாது, முனகல் மட்டுந்தான். காரணம் எளியது. டிரேயை நகர்த்தும் மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சிறிய ரப்பர் பெல்ட் இருக்கிறது. ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் இழந்து வழுக்கத் தொடங்குகிறது. கடற்கரை ஊரின் வெப்பத்தில் அந்த ஆண்டுகள் விரைவாகவே கழிகின்றன. டிரே திறக்க வேண்டுமானால் அந்த பெல்ட் இன்னொரு வேலையும் செய்தாக வேண்டும். தகட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சிறிய வட்டு ஒன்று, கீழே சுழலும் மேடையோடு காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் அந்தப் பிடியை விடுவிக்க வேண்டும். உள்ளே தகடு இருந்தால் இரண்டுக்கும் நடுவே அதன் தடிமன் இருப்பதால் காந்தத்தின் பிடி சற்றுத் தளர்வாக இருக்கும். தகடு இல்லாவிட்டால் அவை நெருங்கி ஒட்டிக்கொள்ள, வழுக்கும் பெல்ட்டால் அதைப் பிரிக்கவே முடிவதில்லை.

எனவே இந்தப் பிளேயருக்குள் எப்போதும் ஒரு தகடு இருந்தாக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாக இருந்தது. யாராவது பாட்டுக் கேட்டு முடித்து, தகட்டை எடுத்துத் துடைத்து உறையில் வைத்து, வெறும் டிரேயை மூடிவிட்டுப் போனால் மறுநாள் அது திறக்காது. ஒழுங்காக நடந்துகொள்பவர்களைத் தண்டிக்கும் கருவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கணினியின் சிடி டிரைவில், மின்சாரம் இல்லாத வேளையிலும் கம்பியை நுழைத்து டிரேயைத் திறப்பதற்கு முன்புறம் ஊசித் துளை ஒன்று வைத்திருப்பார்கள். வரவேற்பறையில் வைக்கும் பிளேயருக்கு அது அழகில்லை என்று கருதினார்கள் போலிருக்கிறது. இங்கே மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றி, பல்சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் தகட்டை மீட்க வேண்டும்.

நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டபோது பெல்ட் தனியாகக் கிடையாது, டிரே பொருந்திய பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு பழைய பிளேயரே வாங்கிவிடலாம். கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக்தான் காப்பாற்றினார். பழைய பெல்ட்டைப் பிரித்தெடுத்து, அளவு பார்த்து, அதைவிட ஒரு சுற்றுச் சிறியதைத் தேர்ந்தெடுத்தார். மிகச் சிறியதைப் போட்டால் மோட்டாரின் அச்சு தேயும், வீட்டில் கிடக்கும் ரப்பர் பேண்டைப் போடுவது அதைவிட மோசம் என்று எச்சரித்து அனுப்பினார். பெல்ட்டின் விலை ஒரு காப்பியின் விலைகூட வராது. அத்தனை மலிவான பொருளை நம்பி ஒரு நல்ல கருவியை நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்ற கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நண்பருக்குச் சொன்ன மற்ற யோசனைகளையும் எழுதிவிடுகிறேன். பழைய பிளேயர் வாங்குவதானால் ஒலியைக் கேட்டுப் பார்ப்பதற்கு முன் உள்ளே தகட்டைப் படிக்கும் பாகமான லேசர் பிக்கப் எது என்று கேட்க வேண்டும். சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை போன்று பரவலாகப் பயன்பட்டதாக இருந்தால் மாற்றுப் பிக்கப் இன்றும் கிடைக்கும். கிடைக்காத வகையானால், எவ்வளவு பெரிய பெயர் பொறித்த பெட்டியாக இருந்தாலும் தொட வேண்டாம். கடையில் வாங்கிய தகடு மட்டுமல்லாமல், கணினியில் எழுதிய தகடு ஒன்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். எழுதிய தகடு ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால், லேசர் மங்கத் தொடங்கியிருந்தால் அது முதலில் அங்கேதான் தெரியும். நீளமான தகட்டின் கடைசி டிராக்கையும் ஓடவிட வேண்டும். தகடு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், பிக்கப் நகரும் தண்டின் கிரீஸ் இறுகியிருந்தால் முதல் டிராக்குகள் நன்றாகப் பாடி, கடைசியில் தடுக்கும். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த கருவியானால் அது 100 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் நேரே சொருகினால் அன்றோடு முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிரேயை வெறுமையாக மூடி, விற்பவரோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும்.

புதிதாக வாங்குவதானால் யமஹா சிடி-எஸ்303, டெனான் டிசிடி-600என்இ, மராண்ட்ஸ் சிடி6007 ஆகிய பெயர்கள் அடிக்கடி காதில் விழும். யுஎஸ்பி வேண்டுமானால் டெனானை விட்டுவிடலாம், ஹெட்ஃபோனில் கேட்பவர் மராண்ட்ஸைப் பார்க்கலாம். அதற்கு மேல் மூன்றுக்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் ஊரில் எதற்குப் பழுது பார்க்க ஆள் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

என் பிளேயருக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. சென்ற மாதம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். இடையில் ஒலியில் எந்த மாற்றமும் நேரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பாடுவதில் குறை சொல்ல முடியாத ஒரு கருவியை, வாயைத் திறக்க மறுக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள் என்று சொல்வது நியாயமா என்று நண்பர் கேட்டார். நியாயமில்லைதான், ஆனாலும் வாங்க வேண்டாம். உதிரிப் பாகங்களுக்காக இதே மாடலில் இன்னொன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். டிரே திறக்கவில்லை என்று விற்பவரே ஒப்புக்கொண்டால் நல்லது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.