லேபிள் இல்லாத உண்ணிப் பட்டையை வாங்காதீர்கள்

இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. குமரி மாவட்டத்தில் ஒரு வியாபாரி, பெட்டி வாங்குபவர்களிடம் ‘உண்ணி மருந்து’ என்று கூட்டுக்குள் தொங்கவிட இரண்டு மெல்லிய மரத்துண்டுப் பட்டைகளையும் தலையில் கட்டுகிறார். லேபிள் கிடையாது, மருந்தின் பெயரும் கிடையாது. “மூணு நாள் தொங்கவிட்டு எடுத்துடுங்க, எல்லாம் கொட்டிடும்” என்பதோடு சரி.

சொன்னபடி கொட்டத்தான் செய்யும். ஏமாற்றே அதில்தான் இருக்கிறது. பெட்டியின் அடிப்பலகையில் விரித்த தாளில் கடுகளவு செம்பழுப்பு உண்ணிகள் கிடப்பதைப் பார்த்ததும் வாங்கியவர் நிம்மதியாகிவிடுகிறார். விழுந்தவை தேனீயின் மேல் ஒட்டியிருந்தவை மட்டுமே. புழு வளர்ப்பு நடக்கும் கூட்டில் வரோவா என்ற இந்த உண்ணிகளில் பாதிக்கு மேல், புழு வளரும் மெழுகு மூடிய அறைகளுக்குள் இருக்கும். பட்டை மருந்து அந்த மெழுகு மூடியைத் தாண்டாது. பணித்தேனீயின் அறை மூடியே கிடப்பது 12 நாள், ஆண் தேனீயுடையது இன்னும் கூடுதல். மூன்றாம் நாளே பட்டையை எடுத்தால் உள்ளே பெருகியவை அத்தனையும் பிழைத்து வெளியே வரும். ஃப்ளூவாலினேட் என்ற உண்ணிக்கொல்லி ஏற்றிய முறையான பட்டையே 6 வாரமாவது தொங்க வேண்டும். இங்கே கொடுப்பது பயிர் மருந்தில் ஊறவைத்த பட்டையாக இருந்தால் அளவு யாருக்கும் தெரியாது, விஷமும் அடை மெழுகில் தங்கிவிடும். வாங்கியவர்களின் பெட்டி வாசலில், உண்ணி ஒழியாததன் அடையாளமாக, சிறகு சுருங்கிய தேனீக்கள் பறக்க முடியாமல் ஊர்ந்து கிடந்தன.

தாளில் விழுந்ததை நம்பாமல் எண்ணிப் பாருங்கள். ராணி இல்லாத புழு அடையிலிருந்து அரை கப் தேனீக்களை (சுமார் 300) கம்பிவலை மூடியுள்ள ஜாடியில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை தூவி ஒரு நிமிடம் மெதுவாக உருட்டுங்கள். சற்றுப் பொறுத்து வெள்ளைத் தட்டில் குலுக்கித் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து உண்ணி தெரியும். 9 இருந்தால் 3 சதவீதம், உடனே மருந்து வைத்தாக வேண்டும். மூடிய ஆண் தேனீ அறைகள் சிலவற்றையும் ஊசியால் திறந்து பாருங்கள். வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் செம்பழுப்பாக ஓடுவது தப்பாமல் கண்ணில் படும்.

மெழுகு மூடிக்குள்ளும் போவது ஃபார்மிக் ஆசிட் ஆவிதான். ரப்பர் பால் உறைய ஊற்றும் அதே ஆசிட். 85 சதவீதம் என்று அச்சிட்ட கேனில் வாங்குங்கள், பிரித்து ஊற்றித் தரும் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. பஞ்சுத் திரி போட்ட சிறு குப்பியில் நாளுக்கு 5 மி.லி., 15 நாள், மாலையில் அடிப்பலகையில் வையுங்கள். கடும் வெயில் காலத்தில் ஆவி ஒரேயடியாகக் கிளம்பினால் ராணியே செத்துப்போகும். தேன் அறை (தேன் சேரும் மேல் அடுக்கு) மேலே இருக்கும்போது வைக்கக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இந்தியத் தேனீ வைத்திருப்பவர்களிடமும் இதே பட்டையை விற்கிறார், அதுதான் பெரிய அநியாயம். அந்தத் தேனீயில் வரோவா பெருகுவது ஆண் தேனீ அறைகளில்தான், கூட்டம் அதைத் தாங்கிக்கொள்ளும். அங்கே புழு செத்துக் கிடந்தால் சாமணத்தால் இழுத்துப் பாருங்கள். நீர் நிறைந்த பையாக வந்தால், 1991-92இல் குமரியின் கூட்டங்களை அழித்த தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு எந்தப் பட்டையும் மருந்தாகாது. அந்தப் பெட்டியின் அடையை இன்னொரு பெட்டிக்கு மாற்றிவிடாதீர்கள்.