@அனுமதியா, @அனுமதி()யா?

ஒரு பக்கத்துக்கு உள்நுழைந்திருந்தாலே போதும். இன்னொன்றுக்கு நிர்வாகியாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே டெக்கரேட்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுற்றி உறையாக அமையும் இன்னொரு ஃபங்ஷன்) காக்க வேண்டுமென்றால், முன்னதில் வெறும் @அனுமதி, பின்னதில் @அனுமதி(பங்கு="நிர்வாகி") என்று எழுதத்தான் கை போகும். பைத்தானுக்கோ இவை வேறு வேறு செயல்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால், பக்கத்தைத் தரும் வியூ ஃபங்ஷன் நேராக 'அனுமதி'யிடம் வருகிறது. இருந்தால் 'அனுமதி' முதலில் ஓடி, அது திருப்பித் தரும் டெக்கரேட்டரிடம்தான் வியூ போய்ச் சேர்கிறது.

எங்கும் அடைப்புக்குறி கட்டாயம் என்பது முதல் வழி. எழுதவும் படிக்கவும் எளிது. ஆனால் ஓரிடத்தில் மறந்தால் வியூவே 'பங்கு' ஆகிவிடும். ஃபிளாஸ்க் என்ற வலைச் சட்டகத்தில் எழுதிய செயலி வழக்கம்போலத் தொடங்கும். யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் பிழை வெடிக்கும்.

வந்த ஒரே மதிப்பு அழைக்கத்தக்கதா என்று பார்த்து ஊகிப்பது இன்னொரு வழி. ஒரு சோதனை ஃபங்ஷனையே ஆர்குமெண்ட்டாகத் தர விரும்பும் நாளில் அது குழம்பிவிடும். நான் இதைத் தொடுவதில்லை.

என் தேர்வு மூன்றாவது: முதல் இடத்தில் ஃபங்ஷன், இயல்பு மதிப்பு நன் (None), அடுத்து சாய்கோடும் (/) நட்சத்திரக் குறியும் (*), அதன் பிறகே, பெயர் சொல்லி மட்டுமே தரக்கூடிய 'பங்கு'. ஃபங்ஷன் வராவிட்டால், ஆர்குமெண்ட்டுகளை முன்பே நிரப்பிவைக்கும் பார்ஷியல் கொண்டு, 'பங்கு' நிரம்பிய தன்னையே திருப்பித் தரும். பைத்தானின் சொந்த டெக்கரேட்டரான டேட்டாகிளாஸ் 2018இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே இரு வடிவங்களையும் ஏற்கிறது. விடைகளை நினைவில் வைக்கும் எல்ஆர்யூ கேஷ் 3.8இலிருந்து. இன்னொரு வலைச் சட்டகமான ஜாங்கோவின் லாகின் ரிக்வயர்டும் அப்படித்தான். இதிலும் ஒரு குழி உண்டு: @அனுமதி("நிர்வாகி") என்று பெயரில்லாமல் தந்தால் அந்தச் சரம் ஃபங்ஷனின் இடத்தில் அமர்ந்துவிடும். அழைக்கத்தக்கது அல்லாத எதுவும் அங்கே வந்தால் உடனே டைப்எரர் எழுப்புங்கள். கோப்பு இம்போர்ட் ஆகும்போதே தவறு பிடிபடும்.

எந்த வழியானாலும், மூல ஃபங்ஷனின் பெயரை உறைக்கும் தரும் ஃபங்க்டூல்ஸின் ராப்ஸ் இல்லாமல் எழுதாதீர்கள். ஃபிளாஸ்க் ஒரு வியூவை அடையாளம் காணும் எண்ட்பாயிண்ட் பெயரை ஃபங்ஷனின் பெயரிலிருந்தே எடுக்கிறது. இரண்டு வியூக்களுக்கு ஒரே உறைப்பெயர் அமைந்தால் இரண்டாவதைப் பதிவு செய்ய மறுத்துவிடும். மற்றொரு சட்டகமான ஃபாஸ்ட்ஏபிஐயோ அளவுருக்களையே தவறாகப் புரிந்துகொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அஞ்சவைப்பது வரிசை. முகவரியை வியூவோடு இணைக்கும் ரூட் டெக்கரேட்டர் எப்போதும் மேலே இருக்க வேண்டும். @அனுமதி அதற்கு மேலே ஏறிவிட்டால், ரூட் பதிவு செய்வது காவலற்ற வியூவை. பிழைச்செய்தி எதுவும் வராது; பக்கம் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். அதனால் காக்க வேண்டிய ஒவ்வொரு முகவரியையும் உள்நுழையாமல் கேட்டு, 200 (வெற்றி என்ற பதில் குறியீடு) வந்தால் தோற்கும் ஒரு சோதனையை முதலில் எழுதுகிறேன். டெக்கரேட்டரை அதன் பிறகுதான்.