பட்டர்கப்பா, சின்க்ஃபாயிலா?

இங்கிலாந்தின் புல்தரைகளில் ஜூன் மாதம் இரண்டு மஞ்சள் பூக்கள் ஆளைக் குழப்பும். இரண்டுக்கும் ஐந்து இதழ், நடுவில் கொத்தாக மகரந்தத்தாள்கள், கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் தண்டு. ஒன்று ரனன்குலஸ் ரெப்பென்ஸ் என்ற பட்டர்கப். மற்றது பொட்டென்டில்லா ரெப்டன்ஸ் என்ற சின்க்ஃபாயில், ரோஜாவின் சொந்தம். ரெப்பென்ஸ், ரெப்டன்ஸ் இரண்டுக்கும் லத்தீனில் 'ஊர்வது' என்றே பொருள். பெயரும் கைகொடுக்கவில்லை!

இலை கொஞ்சம் உதவும். சின்க்ஃபாயிலுக்கு விரித்த கைபோல ஐந்து சிற்றிலைகள், காம்படியில் இலையடிச் செதில்கள். பட்டர்கப் இலை மூன்றாகப் பிரிந்திருக்கும். காம்பின் அடி அகன்று தண்டைத் தழுவும். ஆனால் பொட்டென்டில்லாவிலேயே மூவிலை இனங்களும் உண்டு என்பதால், நான் பூவைத்தான் நம்புவேன்.

பூவைத் திருப்பிப் பாருங்கள். பட்டர்கப்பில் மஞ்சள் இதழ்களுக்கு அடியில் ஐந்து புல்லிதழ்கள், அவ்வளவுதான். சின்க்ஃபாயிலில் ஐந்துக்கு வெளியே இன்னும் ஐந்து: செம்பருத்தியில் பார்க்கிறோமே, அதே மாதிரி ஒரு புறப்புல்லி வட்டம்.

அப்புறம் புல்லிதழைப் பிய்த்துப் பாருங்கள். பட்டர்கப்பில் அது மட்டும் தனியே வரும். மகரந்தத்தாள்கள் பூத்தளத்தில் அசையாமல் நிற்கும். சின்க்ஃபாயிலில் புல்லி, அல்லி (அதாவது மஞ்சள் இதழ்), மகரந்தத்தாள் மூன்றும் ஒரே கிண்ண விளிம்பில் உட்கார்ந்திருப்பதால், ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். 1753-இல் தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் இந்த இரண்டையும் வெவ்வேறு வகுப்பில் வைத்ததற்குக் காரணமும் இந்த வித்தியாசம்தான். பூவின் நடுவே விதை உண்டாகும் சூலகத்தைப் பார்த்துப் பயனில்லை. இரண்டிலும் தனித்தனிச் சூலக இலைகள் நிறைய இருக்கும்.

அழகுப் போட்டி என்றால் என் ஓட்டு பட்டர்கப்புக்கு. அதன் இதழ் எண்ணெய் தடவியதுபோல மின்னும். வழுவழுப்பான மேல்தோலில் மஞ்சள் நிறமி, அதற்குக் கீழே காற்றிடைவெளி, அதற்கும் கீழே ஒளியைச் சிதறடிக்கும் மாவுச்சத்து அடுக்கு. இங்கிலாந்தில் குழந்தைகள் பூவை மோவாய்க்குக் கீழே பிடித்து, மஞ்சள் விழுந்தால் 'உனக்கு வெண்ணெய் பிடிக்கும்' என்று விளையாடுவார்கள். இதழின் அடியில் சின்னச் செதில் மூடிய தேன்சுரப்பி ஒன்று உண்டு. சின்க்ஃபாயில் இதழில் இந்தப் பளபளப்பும் இல்லை, செதிலும் இல்லை.

ஆனால் பட்டர்கப் காரமான ஆள். பச்சையாகக் கசக்கினால் புரோட்டோஅனிமோனின் என்ற நச்சு உண்டாகித் தோலையும் வாயையும் புண்ணாக்கும், மாடுகள் ஒதுக்கிவிடும். புல்லோடு சேர்த்துக் காயவைத்த பிறகு அந்த நச்சு இருக்காது.

சரி, பட்டர்கப் குடும்பம் முழுக்கப் பூ இப்படித்தானா? இல்லை. இதே குடும்பத்துக் கால்தா என்ற செடியில் மஞ்சளாகத் தெரிவது புல்லிதழ், அல்லியே கிடையாது. நம் அடுப்படிக் கருஞ்சீரகமும் இதே குடும்பம்தான். அதில் சூலக இலைகள் ஒட்டிப் பிறந்து ஒரே காயாகிவிடும். பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சீரகமோ கேரட், கொத்தமல்லி வகையறா.