ஆட்டின் கல்லீரலும் நம் கல்லீரலும்

ஆட்டுக்கு யாரும் எலுமிச்சை கொடுப்பதில்லை. ஆனாலும் வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் அதற்கு வருவதில்லை. அதன் கல்லீரலே குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி தயாரித்துக்கொள்கிறது.

நமக்கும் அந்த வேதிவழி ஏறக்குறைய இருக்கிறது. கடைசிப் படியைச் செய்யும் குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் நொதி மட்டும் இல்லை. அதன் மரபணு சிதைந்துபோய் இன்னும் நம் செல்களுக்குள் கிடக்கிறது; கினிப்பன்றிக்கும் இதே கதிதான். பழமோ காயோ கிடைக்காமல் எத்தனை மாலுமிகள் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து இறந்தார்கள்! 1747-ல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி வந்த மாலுமிகளுக்கு வெவ்வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்றவர்கள்தான் வேகமாகத் தேறினார்கள்.

சரி, ஆடுதான் மேலா? தயாரிப்பில் ஆடுதான். ஆனால் சிக்கனத்தில் நம் பக்கம்தான் நான். வேலை செய்து ஆக்சிஜனேற்றமடைந்த வைட்டமின் சி-யை நம் ரத்தச் சிவப்பணுக்கள் உள்ளே இழுத்து, செல்களுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளின் உதவியோடு மறுபடி புதுப்பிக்கின்றன. தினமும் 100 மில்லிகிராமுக்கும் குறைவான அளவே நமக்குப் போதுமானதாக இருப்பதில் இதற்குப் பங்குண்டு.