எச் 214: ப்ளூ லெட்டர் பைபிளில் 'ஓட்சார்' தேடுவது எப்படி?

எபிரெயு படிக்காதவர்களும் பழைய ஏற்பாட்டின் மூலச்சொல்லைப் பார்க்க உதவும் தளம் ப்ளூ லெட்டர் பைபிள். காசு கிடையாது, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். பொக்கிஷம் என்று நாம் வாசிக்கும் 'ஓட்சார்' என்ற சொல்லைத் தேடினாலே தளத்தின் நிறைகுறை தெரிந்துவிடும்.

வசனத்தைத் தட்டி இன்டர்லீனியரை, அதாவது மூலச்சொல்லையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் காட்டும் பகுதியைத் திறந்தால், சொல்லுக்குச் சொல் ஸ்ட்ராங்ஸ் எண் இருக்கும். ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்த வரிசை எண் அது; எபிரெயுவுக்கு எச், கிரேக்கத்துக்கு ஜி. ஓட்சாருக்கு எச் 214. எண்ணை நேரடியாக அடிப்பவர்கள் எச் எழுத்தை விட்டுவிடக் கூடாது. ஜி 214 என்பது அலறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

பலரும் மேலே உள்ள அர்த்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். பொக்கிஷம், களஞ்சியம், ஆயுதசாலை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். அத்தனையையும் ஒரே வசனத்தில் ஏற்றிப் பிரசங்கம் செய்வது இதனால்தான். கீழே இறங்கி வசனப் பட்டியலுக்குப் போங்கள். கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பின் கணக்கில் 79 இடங்கள். இந்தத் தளத்தின் உயிரே அதுதான்.

மல்கியா 3:10-ல் தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) கொண்டுவரச் சொல்லும் 'பண்டசாலை' இந்த ஓட்சார்தான். அதே பட்டியலில் நெகேமியா 13:12-ஐப் பார்த்தால், உள்ளே வருவது தானியமும் திராட்சரசமும் எண்ணெயும். அடுத்த வசனத்தில் அதைப் பங்கிட ஆள் நியமிக்கிறார்கள். ஆக, மல்கியா பேசுவது உண்டியலைப் பற்றி அல்ல, ஆலயத்துக் கிடங்கைப் பற்றி. எரேமியா 50:25-ல் அதே சொல் ஆயுதசாலை. யோபு 38:22-ல் கல்மழை சேர்த்துவைத்திருக்கும் இடம்.

எண்ணை விட்டு 'ட்ரெஷர்' என்று ஆங்கிலத்தில் தேடினால் இரண்டு பக்கமும் அடி. மல்கியா வசனம் சிக்காது. யாத்திராகமம் 19:5-ல் உள்ள 'செகுல்லா' (சொந்தச் சொத்து), ஆதியாகமம் 43:23-ல் உள்ள 'மத்மோன்' என்று வேறு சொற்கள் வந்து கலக்கும். மத்மோன் என்றால் புதைத்துவைத்தது. ஏசாயா 45:3-ல் ஓட்சாரும் மத்மோனும் அடுத்தடுத்து வருகின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு பொக்கிஷங்கள், புதையல்கள் என்று அழகாகப் பிரித்திருக்கிறது.

குறை என்றால், உள்ளே இருக்கும் கெசேனியஸ் என்ற எபிரெயு அகராதி 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இஸ்ரேலின் நிதி அமைச்சகத்துக்கு இன்றும் 'மிஸ்ராத் ஹா-ஓட்சார்' என்றுதான் பெயர். அந்த மாதிரி இன்றைய வழக்கெல்லாம் இங்கே கிடைக்காது. சொல்லின் மேல் கர்சரை வைத்ததுமே விளக்கம் வேண்டும் என்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸ் என்ற வேத ஆய்வு மையத்தின் ஸ்டெப் பைபிள் தளம் வசதி. அதுவும் இலவசம்.